எந்தச் சாம்பல், எந்தக் கரிசல்?

புதிதாகப் போட்ட கிராமச் சாலை இரண்டாவது மழைக்காலத்திலேயே அலை அலையாக எழும்பி, ஓரத்தில் நீளவாக்கில் பிளந்துவிட்டால், டீக்கடையில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: கான்ட்ராக்டர் தின்றுவிட்டார். பல ஊர்களில் அது சரியான தீர்ப்பாகவும் இருக்கும். ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களிலும், மேற்கே பல்லடம், உடுமலைப் பக்கமும், நடுவே பெரம்பலூரிலும், ஒரு பைசா குறையாமல் போட்ட சாலைகூட அதே கதிக்கு ஆளாவதுண்டு. அடியில் கிடப்பது கரிசல். மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். மேலே இருப்பது பருத்தியா, தாரா என்று அது பார்ப்பதில்லை.

இந்தக் கரிசலை அடக்க ஒரு வழி இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. ஆலைக் கழிவுகளை மண்ணோடு கலந்து இறுக்குவதுதான் அது. அனல் மின் நிலையச் சாம்பல், உமிச் சாம்பல், இரும்பாலைக் கசடு, கிரஷர் தூசி, முட்டை ஓடு, பழைய டயர், பிளாஸ்டிக் என்று பட்டியல் நீள்கிறது. சிவில் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கு இது விருப்பமான ப்ராஜெக்ட். குப்பைக்கும் வழி பிறந்தது, மண்ணுக்கும் வழி பிறந்தது என்ற தொனியில் செய்திகளும் வருகின்றன. படிக்கிறவர்களில் ஒரு சாரார், இவ்வளவு எளிய வழி இருந்தும் அரசாங்கம் ஏன் செய்யவில்லை என்று கோபப்படுகிறார்கள். இன்னொரு சாரார், ஆலைக் கழிவை எங்கள் ஊரில் புதைக்கப் பார்க்கிறார்கள் என்று அஞ்சுகிறார்கள். இரு தரப்பும் எல்லாக் கழிவுகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. உண்மையில் சில கழிவுகள் கரிசலைத் திருத்தும். சில ஒன்றுமே செய்யாது. சில, இருக்கிற தொல்லையைப் பெரிதாக்கும். எது எந்த வகை என்று பிரித்தறிவது பெரிய வித்தையும் அல்ல. கரிசல் ஏன் ஊதுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

கரிசலின் குணத்துக்குக் காரணம் அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம். அடுக்கி வைத்த அப்பளக் கட்டுப் போல மெல்லிய தகடுகளால் ஆனது. ஒரு தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். தகடுகளின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. அதை ஈடுகட்ட சோடியம், மக்னீசியம், கால்சியம் போன்ற நேர் அயனிகள் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் வந்தவுடன் இந்த அயனிகள் அதை உள்ளே இழுக்கின்றன. தகடுகள் விலகுகின்றன, மண் ஊதுகிறது. வெயிலில் நீர் போனதும் தகடுகள் மறுபடி நெருங்குகின்றன, நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. சோடியம் இருந்தால் தகடுகளின் பிடி தளர்ந்திருக்கும். கால்சியம் இருந்தால் பிடி இறுகும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தகடுகள் எவ்வளவு மெல்லியவை என்பதற்கு ஒரு கணக்கு: தூய மாண்ட்மோரில்லோனைட் ஒரு கிராமில் உள்ள தகடுகளின் பரப்பையெல்லாம் கூட்டினால் 800 சதுர மீட்டர் வரை வரும். ஐந்து கிராம் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட்டுக்கு இது கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். அதனால்தான் ஒரே மழையைச் செம்மண் குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது, கரிசல் எழுந்து நிற்கிறது.

ஒரு மண் எவ்வளவு ஊதும் என்று பார்க்க இந்தியத் தர நிர்ணய முறையில் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டு அளவுக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுப் பார்த்தால், மண்ணெண்ணெயில் மண் அப்படியே படிந்திருக்கும், தண்ணீரில் ஊதியிருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்றால் ஊதல் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே மிகக் கடுமையாக ஊதும் மண் என்று வகைப்படுத்துகிறார்கள். செலவு அதிகமில்லாத இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் லட்சக்கணக்கில் கட்டடம் எழுப்புகிறோம் என்பது வேறு விஷயம்.

ஊதும் மண் பெரிய கட்டடங்களைவிடச் சிறியவற்றையே அதிகம் வாட்டும். நான்கு மாடிக் கட்டடத்தின் எடை மண்ணை ஓரளவு அமுக்கி வைக்கும். ஓரடுக்கு வீடு, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், கால்வாய்ப் பூச்சு, கிராமச் சாலை இவற்றுக்கு அந்தப் பாரம் கிடையாது. மண் தூக்கினால் எழும்பத்தான் வேண்டும். அதுவும் எல்லா இடத்திலும் சமமாகத் தூக்காது. நீர் தேங்கும் ஓரத்தில் ஒரு மாதிரி, வீட்டின் நடுவில் ஒரு மாதிரி. சுவர் குறுக்காகப் பிளப்பது அதனால்தான். அமெரிக்காவில் 1973-இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரு பொறியாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். ஊதும் மண்ணால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் 230 கோடி டாலர் இழப்பு, வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி இவற்றின் இழப்பைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது என்றார்கள். இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரிசல். நமக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்க முடியாது.

நம் பொறியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலேயே அடியில் குமிழ் விரிந்த குத்துத்தூண் அடித்தளத்தை உருவாக்கியது. அண்டர்ரீம்டு பைல் என்று கட்டுநர்கள் சொல்வது இதைத்தான். ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைக் கடந்து, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில் அசையாத மண்ணைக் குமிழ் பற்றிக்கொள்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கட்டி என்பவர், கர்நாடகக் கால்வாய்களில் கரிசலின் மேல் சுமார் ஒரு மீட்டர் தடிமனுக்கு ஊதாத, பசையுள்ள மண்ணை நிரப்பினால் ஊதல் அடங்கும் என்று காட்டினார். சாலைக்காரர்களும் அதே வழியைக் கைக்கொள்கிறார்கள். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டோ, அதன் மேலேயோ, 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை சரளை மண் கொட்டி இறுக்குவார்கள்.

சரளைக்கு எங்கே போவது என்பதுதான் இன்றைய சிக்கல். ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு 60 சென்டிமீட்டர் சரளை போட்டால் 3,600 கன மீட்டர் வேண்டும். இறுக்கிய எடையில் ஏறக்குறைய 6,800 டன், 25 டன் லாரியில் 270 நடைக்கு மேல். ஒரு ஊர்ச் சாலைக்காக இன்னொரு ஊரின் குன்றையோ கண்மாயையோ சுரண்ட வேண்டியிருக்கிறது. அந்த அனுமதியைச் சுற்றி நடக்கும் வியாபாரம் எல்லோரும் அறிந்தது. இருக்கிற கரிசலையே திருத்திப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி இங்கேதான் உயிர் பெறுகிறது.

முடியும். அதற்கு அடிப்படை சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை கலந்தால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் சில மணி நேரத்திலேயே கால்சியம் அயனிகள் தகடுகளின் இடுக்குகளில் புகுந்து சோடியத்தை வெளியேற்றுகின்றன. தகடுகள் ஒன்றையொன்று இழுத்துத் திரள்கின்றன, மண்வெட்டியில் ஒட்டி விடாமல் பிடிக்கும் களி பொலபொலவென்று உதிர ஆரம்பிக்கிறது. இது முதல் வேலை. இரண்டாவது வேலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. சுண்ணாம்பினால் மண்ணின் காரத்தன்மை பி.எச். 12.4 அளவுக்கு ஏறும்போது, களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைகின்றன. கரைந்தவை கால்சியத்தோடு சேர்ந்து, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் அதே பசையை உண்டாக்குகின்றன. அந்தப் பசை துகள்களைக் கட்டிப்போடுகிறது.

ஆகவே கரிசலைத் திருத்தத் தேவை கரையக்கூடிய கால்சியம், உயர்ந்த காரத்தன்மை, வினைபுரியக்கூடிய சிலிக்கா, அலுமினா. ஒரு கழிவு நல்லதா என்று கேட்பதற்கு முன் இவற்றில் எது அதில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் அது மண்ணில் கலந்த இன்னொரு தூள், அவ்வளவுதான்.

முதலில் மின் நிலையச் சாம்பல். செங்கல் சூளை வைத்திருப்பவர்களுக்குப் 'பிளை ஆஷ்' என்றால் ஒரே சரக்கு. மண்ணைத் திருத்த வருகிறவருக்கு அது இரண்டு சரக்கு. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், எனவே தண்ணீர் பட்டால் தானே ஓரளவு இறுகும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்குக் கப்பலில் வருவது ஒடிசா நிலக்கரி. அதன் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் தாராளம், கால்சியம் சொற்பம். அதைத் தனியாகக் கலந்தால் மண் இளகலாம், ஊதல் சற்றுக் குறையலாம், ஆனால் இறுகாது. கூடவே இரண்டு, மூன்று சதவீதமாவது சுண்ணாம்பு சேர்த்தால்தான் அந்தச் சிலிக்கா வேலைக்கு வரும். தர நிர்ணய விதியும் இந்த இரண்டையும் தனித்தனி வகையாகத்தான் பார்க்கிறது. வினைபுரியும் கால்சியம் ஆக்சைடு பத்து சதவீதத்துக்கு மேலா, கீழா என்பது எல்லைக்கோடு. கோவில்பட்டிப் பக்கம் சாலை போடுகிறவர் நெய்வேலிச் சாம்பலை வைத்துச் செய்த மண்ணாய்வு அறிக்கையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடைக்கிறதே என்று தூத்துக்குடிச் சாம்பலைக் கொட்டினால், அந்த அறிக்கை சொன்ன பலன் கிடைக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு, இது இன்னும் அடிக்கடி மறக்கப்படுகிறது. புகைபோக்கிக்குப் போகும் வழியில் வடிகட்டிப் பிடித்த உலர்சாம்பல் வேறு, தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே நிலையத்தின் சாம்பல் ஏரியில் கொட்டியது வேறு. ஏரிச் சாம்பலில் உலையின் அடியில் விழும் சாம்பலும் கலந்து துகள் பெருத்திருக்கும். கரையக்கூடிய சுண்ணாம்பு ஏற்கெனவே கழுவிப் போயிருக்கும். கரை எழுப்பவோ பள்ளம் நிரப்பவோ அது ஆகும். மண்ணைக் கட்டும் பொருளாக அதை எண்ணக் கூடாது. மின் நிலையங்களுக்கு ஏரியைக் காலி செய்வதில்தான் அவசரம். சாலைக்குத் தேவை உலர்சாம்பல். அதைச் சிமென்ட் ஆலைகள் முன்கூட்டியே பேசி எடுத்துப் போய்விடுகின்றன.

கலக்கும் முறையும் சாம்பலுக்குச் சாம்பல் மாறும். சுண்ணாம்பைக் கரிசலில் கலந்தபின் ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி உழுது, பிறகு ரோலர் ஓட்டுவது நல்லது. கட்டிகள் உடைந்து சுண்ணாம்பு உள்ளே இறங்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த சாம்பலைக் கலந்தால் நேர்மாறு. தண்ணீர் பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அது தன்னளவில் இறுகிவிடும். பிறகு ரோலர் ஓட்டுவது உண்டான பிணைப்பை உடைக்கும் வேலைதான். மதியச் சாப்பாட்டுக்கு வேலையை நிறுத்தும் பழக்கம் இங்கே சாலையைக் கெடுத்துவிடும்.

அளவைப் பார்ப்போம். மேலே சொன்ன அதே ஆறு மீட்டர் அகலச் சாலையில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரிசலைத் திருத்துவதாக வைத்துக்கொண்டால் 1,800 கன மீட்டர், சுமார் 2,900 டன் மண். அதில் 20 சதவீதம் சாம்பல் என்றால் 580 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, 25 டன் லாரியில் 23, 24 நடை. மூன்று சதவீதச் சுண்ணாம்பு தேவைப்பட்டால் இன்னும் நான்கு நடை. இது வெறும் மனக்கணக்குதான், வடிவமைப்பு அல்ல. இரண்டு முறைகளும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடு என்றும் சொல்லவில்லை. ஆனால் 270 நடைக்கும் 30 நடைக்கும் உள்ள தூரம், இந்த வழியை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. நாட்டில் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரிச் சாம்பல் சேருகிறது. 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி முதல் அறிவிக்கையை வெளியிட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, மின் நிலையங்கள் சாம்பல் முழுவதையும் பயனுள்ள வழியில் தீர்க்க வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்றது. மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலைப் பணிகள் நடந்தால் அங்கே சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டின் கரிசல் வட்டாரங்களில் பெரும்பகுதி ஏதாவது ஒரு மின் நிலையத்தின் இந்த வட்டத்துக்குள் அடங்கும். இந்தியச் சாலைப் பேராயம் சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் மூன்றையும் கொண்டு மண்ணைத் திருத்துவதற்கு 2010-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. எனவே இது சோதனைச்சாலைக் கனவு அல்ல. விதியும் முறையும் இருக்கின்றன.

உமிச் சாம்பல் அடுத்தது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிலிக்கா வினைபுரிய வேண்டுமானால் உமி கட்டுப்பட்ட வெப்பத்தில், சுமார் 700 டிகிரிக்குள், எரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். அரிசி ஆலைக் கொதிகலனில் வெப்பத்தை யார் அப்படிப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள்? ஒரே ஆலையின் சாம்பல் ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் சாம்பல் நிறம், ஒரு நாள் இளஞ்சிவப்பு. மேலும் இதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே சுண்ணாம்பு கூட வர வேண்டும். தஞ்சாவூர் ஆலைச் சாம்பலைக் கரிசல் நாட்டுக்கு லாரியில் கொண்டுவருவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. காங்கேயம் போன்று அரிசி ஆலையும் கரிசலும் அருகருகே உள்ள இடங்களில் பார்க்கலாம்.

முட்டை ஓட்டுத் தூளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் என்று கட்டுரைகள் தொடங்கும். அது கால்சியம் கார்பனேட். நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்கு மேல் கரையும், கார்பனேட் 15 மில்லிகிராம்கூடக் கரைவது கடினம். நூறு மடங்கு வித்தியாசம். கரையாத கால்சியம் தகட்டின் இடுக்கில் எப்படிப் புகும்? இதற்கு ஆய்வகம் வேண்டாம், கரிசல் காட்டிலேயே சான்று கிடக்கிறது. இரண்டு, மூன்று அடி தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கட்டிகள் வரும். அவையும் இதே கால்சியம் கார்பனேட்தான். அவ்வளவு சுக்கானை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் கரிசல் ஊதிக்கொண்டும் வெடித்துக்கொண்டும் இருக்கிறது. அதன் மேல் நாமக்கல் முட்டை ஓட்டை அரைத்துக் கொட்டினால், இருக்கிற சுக்கானோடு இன்னும் கொஞ்சம் சேர்த்ததுதான் மிச்சம். ஓட்டை 900 டிகிரி அளவில் சுட்டு நீற்றினால் வேலை செய்யும், உண்மை. ஆனால் அப்போது நீங்கள் நடத்துவது சுண்ணாம்புக் காளவாசல். சலவைக்கல் தூசிக்கும் இதே பதில்.

கரையக்கூடிய சுண்ணாம்பாகவே கிடைக்கும் கழிவும் உண்டு. வெல்டிங்குக்கான அசெட்டிலின் வாயு தயாரிக்கும் இடங்களில் மிஞ்சும் கார்பைடு சேறு பெரும்பாலும் நீற்றிய சுண்ணாம்பேதான். திறந்த வெளியில் பல மாதம் கிடந்து காற்றோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறுவதற்குள் எடுத்துக்கொண்டால் நல்ல சரக்கு. மாணவர்கள் முட்டை ஓட்டுக்குச் செலவிடும் உழைப்பில் கொஞ்சத்தை இதற்குச் செலவிடலாம்.

இரும்பாலையின் ஊது உலைக் கசடைத் தண்ணீரில் அடித்துக் குளிர்வித்து அரைத்தால் அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் சிமென்ட் ஆலைகள் காசு கொடுத்து வாங்குவதைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? உருக்கு உலைக் கசடு அதிலிருந்து வேறுபட்டது. அதில் தங்கியிருக்கும் நீறாத சுண்ணாம்பு பல மாதங்கள் கழித்து நீர் பட்டு ஊதும். ஊதும் மண்ணுக்கு ஊதும் கசடைக் கொடுத்த கதையாகிவிடும். வெயிலிலும் மழையிலும் நன்றாக ஆறவைத்த பிறகே அதைத் தொடலாம்.

கிரஷர் தூசி, டயர்த் துருவல், பிளாஸ்டிக் கீற்று இவை எதுவும் களிமண்ணின் இயல்பை மாற்றுவதில்லை. 30 சதவீதம் கிரஷர் தூசி கலந்தால், கரிசல் 70 சதவீதமாகிறது, அந்த அளவுக்கு ஊதலும் குறைகிறது. நாரோ கீற்றோ கலந்தால் வெடிப்பு அகலாமல் ஓரளவு பிடித்து நிற்கும். கல்குவாரி பக்கத்திலேயே இருந்தால் தூசி உதவும். பிளாஸ்டிக்கை மண்ணில் கலப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தார்ச் சாலையில் உருக்கிப் பூசுவது வேறு. அங்கே அது ஜல்லியோடு ஒட்டிவிடுகிறது. மண்ணில் நறுக்கிப் போட்ட பிளாஸ்டிக் நாளை சாலையைத் தோண்டும்போது வயலுக்கும் ஓடைக்கும்தான் போகும்.

ஆபத்தானவற்றுக்கு வருவோம். 1970-களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டுவர்ட் அவென்யு என்ற சாலையின் அடிமண்ணைச் சுண்ணாம்பு கலந்து திருத்தினார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. அதன் பின் சாலை ஆங்காங்கே எழும்பி வெடிக்கத் தொடங்கியது. 1989-90 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் எம்-40 நெடுஞ்சாலைப் பணியிலும் இதே கதை. இரண்டு இடத்திலும் மண்ணில் சல்பேட் இருந்தது. சுண்ணாம்பின் கால்சியமும் களிமண்ணின் அலுமினாவும் சல்பேட்டோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். ஒவ்வொரு அலகிலும் 26 நீர் மூலக்கூறுகளைச் சிறைபிடித்துக்கொண்டு பருக்கும் படிகம் அது. ஊதலை அடக்கப் போட்ட சுண்ணாம்பே புதிய ஊதலைக் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து டெக்சஸ் போன்ற மாநிலங்களில், மண்ணில் சல்பேட் பத்து லட்சத்தில் 3,000 பங்கைத் தாண்டினால் சுண்ணாம்பு விஷயத்தில் நிதானிக்கிறார்கள்.

இது தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் களிமண் படுகைகளில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அங்கே சல்பேட் அளவு பார்க்காமல் சுண்ணாம்போ சுண்ணாம்புச் சத்துள்ள சாம்பலோ கலப்பது, லாஸ் வேகாஸை நம் ஊரில் மறுபடி நடத்திப் பார்ப்பதுதான். சல்பேட் கழிவின் வழியாகவும் வரலாம். உர ஆலைகளில் மலையாகக் குவியும் பாஸ்போஜிப்சத்தின் பெரும்பகுதி சல்பேட். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது படியும் சேற்றில் சுண்ணாம்பு இருக்கிறது என்று ஆசை காட்டுவார்கள், உள்ளே சல்பேட்டும் உப்பும் இருக்கும். பல்லடம் கரிசலுக்குத் திருப்பூர்ச் சேறு பக்கத்திலேயே கிடைக்கிறது என்பது அதைக் கலப்பதற்குக் காரணமாகாது. அலுமினிய ஆலையின் சிவப்புச் சேற்றில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்கும். கரிசலுக்கு எதிரி என்று தொடக்கத்தில் சொன்ன சோடியம் அதுதான். தோல் பதனிடும் ஆலைச் சேற்றில் குரோமியம். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நச்சு பற்றிய அச்சத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், குரோமியம், செலீனியம் சிறிய அளவில் உண்டு. மண்ணோடு கலந்து இறுக்கி, மேலே தார் போட்டு மூடிய சாம்பலில் நீர் ஊடுருவுவது குறைவு. இறுகும் பசை சில உலோகங்களைப் பிடித்தும் வைக்கும். ஆனால் காரம் கூடிய நிலையில் ஆர்செனிக், செலீனியம் போன்றவை எளிதில் நகரக்கூடியவை. எனவே குடிநீர்க் கிணறு, ஊருணி, ஓடைக்கரை ஆகிய இடங்களை விட்டு விலகியே செய்ய வேண்டும், கசிவுநீர்ச் சோதனை இல்லாமல் செய்யக் கூடாது. எண்ணூரில் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்ததைப் பார்த்தவர்கள் சாம்பல் என்றாலே முகம் சுளிப்பதில் வியப்பில்லை. அங்கே நடந்தது கட்டுப்பாடற்ற கொட்டல். அளந்து கலந்து இறுக்குவதை அதோடு ஒன்றாக்கினால் தவறு. சாலை என்ற பெயரில் நடக்கும் கொட்டலை இதோடு ஒன்றாக்கினாலும் அதே தவறுதான்.

கல்லூரி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு இடத்தில் கண்ணை ஓட்டுங்கள். மண்ணின் தாங்குதிறனைச் சாலைக்காரர்கள் சி.பி.ஆர். என்ற எண்ணால் சொல்வார்கள். மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு வரும் எண்தான் நமக்கு வேண்டும். ஊறாத கரிசல் எப்போதுமே பலசாலி. சித்திரை வெயிலில் அதன் மேல் லாரியே போகும். ஐப்பசி மழையில் மாட்டுவண்டியே புதையும். ஊறவைக்காமல் எடுத்த எண்ணைக் காட்டி மும்மடங்கு உயர்ந்தது என்று எழுதினால் பொருட்படுத்த வேண்டியதில்லை. சோதனைச்சாலையில் பொடித்துச் சலித்துக் கலப்பது வேறு, களத்தில் கட்டிகளாக இருக்கும் கரிசலைக் கலப்பை கட்டிய டிராக்டர் கலப்பது வேறு என்பதையும் கழித்துக்கொண்டுதான் பலனைக் கணக்கிட வேண்டும். இன்னும் ஒன்று: சாம்பல் கூடக்கூடப் பலம் கூடும் என்பது தவறு. ஓர் அளவுக்குப் பிறகு இறங்கும். அந்த உச்சம் மண்ணுக்கு மண் மாறும்.

வீடு கட்டுகிறவர்கள் கேட்பார்கள், நாங்கள் சாம்பல் கலக்கலாமா என்று. என் பதில், வேண்டாம். சீராகக் கலக்கவும் இறுக்கவும் தேவையான இயந்திரம் மூன்று சென்ட் மனையில் திரும்பாது. கடைக்காலுக்குத் தோண்டிய கரிசலையே பேஸ்மட்டம் நிரப்பப் பயன்படுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும். அப்படி நிரப்புவது மேஸ்திரிக்கு மிச்சம், உங்களுக்குத் தரை ஓடு பெயர்வு. மிச்சத் தொல்லைக்கு அண்டர்ரீம்டு பைல் இருக்கிறது, அல்லது ஊதாத மண்ணை மாற்றி நிரப்புவது இருக்கிறது. வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்காமல் சரிவாகத் தளம் போடுங்கள், செப்டிக் டேங்கும் பெரிய மரமும் சுவரை ஒட்டி வேண்டாம். சாம்பல் கலப்பது சாலைக்கும், பெரிய வளாகத்துக்கும், கால்வாய்க் கரைக்கும் உரிய வேலை.

அங்கே செய்ய வேண்டியதை உள்ளாட்சி அமைப்புகளும் நெடுஞ்சாலைத் துறையும் ஒப்பந்த ஆவணத்திலேயே எழுதிவிடலாம். கொண்டுவரும் சாம்பல் எந்த நிலையத்தின் உலர்சாம்பல், அதில் கால்சியம் எவ்வளவு என்ற சான்று. சாலை போகும் பாதையில் மண்ணின் ஊதல் அளவும் சல்பேட் அளவும். அந்த மண்ணையும் அந்தச் சாம்பலையும் கலந்து நான்கு நாள் ஊறவைத்து எடுத்த சி.பி.ஆர். இவை ஒரு கிலோமீட்டர் சாலையின் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகையில் முடிந்துவிடும். உங்கள் ஊருக்குக் கரிசல் மேல் சாலை வருகிறது என்றால், கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து இந்தத் தாள்களைக் கேளுங்கள். தாள் இருந்தால் சாம்பலைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.